நத்தார்த் தாலாட்டும் நான் சொன்ன பொய்யும்

என் அன்பு ஜெசி,

இந்த நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்பு ஆராதனையில், நம் தேவாலயத்துப் பியானோவில் நான்தான் வாசித்தேன். சிரிக்காதே. பாட்டுக்குழுவுக்கு முன்னால் நின்று கையை ஆட்டுகிறவளுக்குக் கட்டையில் விரல் வைக்கப் பயம் என்று நீயே எத்தனை தரம் கேலி செய்திருக்கிறாய்.

நீ போய்ப் பத்து மாதமாகிறது. உன் கல்லறைக்கு மெழுகுதிரியோடு வந்தேன், பூவோடு வந்தேன். சொல்ல வேண்டியதை மட்டும் ஒருநாளும் கொண்டு வரவில்லை. இன்று எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். பலர் முன்னால் சொன்ன பொய்யை உன் காதோடு மட்டும் திருத்திவிட்டுப் போனால் அது இன்னொரு கோழைத்தனம்.

என் தம்பிக்கு மனைவியாக நீ கல்முனைக்கு வந்த பிறகுதான் அந்தப் பியானோவுக்கு உயிர் வந்தது. நாங்கள் வருஷா வருஷம் பாடும் அதே நத்தார்ப் பாட்டுகள்தான். ஒன்றை ஒளிவிழாப் பிள்ளைகளுக்காகப் பைலா ஆட்டத் தாளத்தில் வாசித்தாய். இன்னொன்றுக்கு இடது கையை மட்டும் நடக்கவிட்டு, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, "பாடுங்க, இனி உங்கட வேலை" என்றாய். மெட்டு ஒன்றும் மாறவில்லை. ஆனால் நாங்கள் முதல்தரம் பாடுவதுபோல் பாடினோம்.

செல்வி அக்காவைக் கவனித்தவளும் நீதான். நத்தாருக்கு மறுநாள் காலை கடல் ஊருக்குள் வந்தபோது இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். முந்தின நாள் ஆராதனையில் மூத்தவள் எங்கள் பாட்டுக்குழுவில் நின்று பாலன் யேசுவுக்கான தாலாட்டைப் பாடியிருந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாட்டுத் தொடங்கினால் செல்வி அக்கா எழுந்து வெளியே போவார், முடிந்ததும் வருவார். நாங்கள் எல்லாரும் அதற்குப் பழகிப்போயிருந்தோம். நீ பழகவில்லை. நேரே போய்க் கேட்டாய்.

"பாட்டு வேணாமெண்டு சொல்லல்ல ஜெசி. அது என்ட பிள்ள பாடின பாட்டு. அந்தப் பியானோ துவங்கிற விதம் இரிக்கே, அதைக் கேட்டா அந்த நாள் திரும்பி வந்திரும்."

மறுசனிக்கிழமை அவரை வெறும் தேவாலயத்துக்குக் கூட்டி வந்தாய். நானும் வந்து மூன்றாவது வாங்குப் பலகையில் இருந்தேன். புத்தகத்தில் உள்ளபடி இரண்டு கையாலும் ஒன்றாக அழுத்தும் அந்தக் கனத்த தொடக்கத்தை விட்டுவிட்டு, முதலில் கொஞ்சம் துள்ளலாக வாசித்தாய். "கலியாண வீடு மாதிரி இரிக்கு" என்றார். பிறகு சுரங்களைக் கோர்த்து ஓடவிட்டாய். அவர் முகம் வெளுத்தது. "வேணாம் மகள், தண்ணி ஓடுற மாதிரி இரிக்கு." நீ சட்டென்று கையை எடுத்தாய்.

மூன்றாவதாகத்தான் அது வந்தது. தொடக்கமே இல்லை, ஒரே ஒரு சுரம், குரல் எடுக்க. இடது கை தாழ்ந்த இரண்டு சுரங்களில் மெல்லத் தொட்டில் மாதிரிப் போய் வந்தது. வலது கை பாட்டைத் தொடவேயில்லை. ஒவ்வொரு வரியும் முடிந்த பிறகு, யாரோ "ம்" கொட்டுவதுபோல் இரண்டு சுரம்.

"ஓம்," என்றார் செல்வி அக்கா. "இதுக்கு இரிக்கலாம்." எழுந்தபோது எங்கள் இருவரிடமும் சொன்னார்: "இது எனக்காக மாத்தினதெண்டு ஆருக்கும் சொல்லிப் போடாதீங்க. பாவம் பாத்துப் பாட்டை மாத்தினதெண்டு சனம் கதைக்கும்."

நான்கு சனிக்கிழமை பாட்டுக்குழுவை அதற்குப் பழக்கினேன். நானே பழக்கினேன், ஜெசி.

அந்த வருஷ நத்தார் ஆராதனையில் தாலாட்டு முடியும்வரை செல்வி அக்கா கடைசி வாங்கில் அசையாமல் இருந்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்கள் உன் கையைப் பிடித்துப் பிடித்துப் பேசினார்கள். உன் கையை மட்டும். இருபது வருஷமாகப் பாட்டுக்குழுவை நடத்தும் நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நேரத்தில் என் மனதில் முளைத்தது என்ன என்று இன்று மழுப்பாமல் சொல்கிறேன்: பொறாமை.

அப்போதுதான் சபைச் செயலாளர் வந்தார். முகம் சிவந்திருந்தது. "ஆரைக் கேட்டு இப்படி வாசிச்சது? எங்கட அப்பாமார் பாடின பாட்டு இது. டீச்சர், உங்களுக்குத் தெரிஞ்சா நடந்தது?"

அவர் என்னைத்தான் கேட்டார்.

"எனக்குத் தெரியா ஐயா. அவ தன்ட எண்ணத்துக்கு வாசிச்சிட்டா."

நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். சுகமில்லாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாய். பிறகு அவர் பக்கம் திரும்பி, "ஓம் ஐயா. நான்தான். டீச்சருக்குத் தெரியா" என்றாய். செல்வி அக்காவின் பெயரை நீ சொல்லவில்லை. என் பொய்யையும் நீயே சுமந்தாய்.

அடுத்த நத்தாருக்கு வெளியூரிலிருந்து வேறொருவரைக் கூட்டி வந்து வாசிக்க வைத்தார்கள். புத்தகத்தில் உள்ளபடி. நீ என் தம்பிக்குப் பக்கத்தில் சாதாரணமாக இருந்தாய். தாலாட்டுத் தொடங்கியது; செல்வி அக்கா எழுந்து வெளியே போனார். நீயும் எழுந்து அவருக்குப் பின்னால் போனாய். நான் முன்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது. கொழும்பு ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் தோடம்பழம் உரித்துக்கொண்டு, இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று இருந்தேன். கடைசியில் வாயிலிருந்து வந்தது "மருந்தை நேரத்துக்குக் குடி" என்பதுதான். நீ கண்ணை மூடிக்கொண்டு, "சரி மச்சாள்" என்றாய். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாயா? இல்லை, எப்போதோ மன்னித்துவிட்டு மறந்தும் போனாயா? எதுவென்று தெரியாமல்தான் நான் நடமாடுகிறேன்.

கார்த்திகை மாதம் மழையோடு செயலாளர் வீட்டுக்குப் போனேன். "அண்டைக்கு நான் சொன்னது பொய் ஐயா. நாலு கிழமை நான்தான் பழக்கின" என்றேன்.

அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "எனக்குத் தெரியும் டீச்சர். தொடக்கமில்லாத பாட்டுக்கு இருவது பேர் ஒண்டா வாயெடுத்தாங்க. பழக்காம எப்படி? எல்லாருக்கும் தெரியும். நீங்க சொல்லுவீங்கெண்டு பாத்தம். நீங்க சொல்லாததால நாங்களும் பேசாம இருந்திட்டம்."

எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஜெசி. யாரையும் ஏமாற்றாத ஒரு பொய்யைச் சொல்லித்தான் நான் உன்னைப் பியானோவிலிருந்து எழுப்பியிருக்கிறேன். "இந்த முறை நீங்களே வாசியுங்க" என்றார். அது மன்னிப்பா தண்டனையா என்று நான் கேட்கவில்லை.

உப்புக்காற்றில் கட்டைகள் இறுகிப்போயிருந்தன. கல்முனைக்குடியிலிருந்து பியானோ திருத்துகிற றபீக் நானா வந்து பியானோவைக் கழற்றினார். "ஜெசி டீச்சர் மவுத்தான செய்தி கேட்டு வீட்ட எல்லாரும் அழுத," என்றார். "போன வருசம் நோன்புப் பெருநாளைக்கு வந்து, என்ட மகள்ற சின்னக் கீபோட்டில எங்கட பெருநாள் பாட்டொண்டை வாசிச்சா. எங்களுக்குப் பழகின பாட்டுத்தான். ஆனா என்ட உம்மா கட்டிலால எழும்பி வந்து, இன்னொருக்கா வாசிக்கச் சொன்னா." நீ இதை எங்களுக்குச் சொல்லவேயில்லை. பியானோ மறுக்கப்பட்ட வருஷத்தில் நீ எங்கெல்லாம் வாசித்தாய்?

ஆராதனைக்கு முன் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். செல்வி அக்காவின் பங்கை மட்டும் விட்டுவிட்டு. இதை எல்லாரும் வாசிக்க எழுதுவேன் என்றும் சொன்னேன். பிறகு வாசித்தேன். என் இடது கை மரக்கட்டை. இரண்டாம் சரணத்தில் தாழ்ந்த சுரம் ஒன்றைத் தவறவிட்டேன். குழு என்னைவிட்டு முன்னால் போய், திரும்பிப் பார்த்து, காத்திருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு முடித்தேன்.

செல்வி அக்கா எழுந்து போகவில்லை. முடிந்ததும் அவர்தான் என்னிடம் வந்தார்.

"ஜெசி வாசிச்ச மாதிரி இல்ல," என்றார்.

"ஓம் அக்கா. தெரியும்."

"அண்டைக்கு நானும் அங்கதானே நிண்ட. எனக்காகத்தான் மாத்தினதெண்டு ஒரு வாய் சொல்லியிருந்தா அவளை எழுப்பியிருக்க மாட்டாங்க. என்ட பிள்ளைகள்ற பேரை நாலு பேருக்கு முன்னால சொல்லப் பயந்திட்டன். நீ எழுதிறெண்டா என்னையும் சேத்து எழுது."

அதனால் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஆனால் அவர் வாய்விடாதது துக்கத்தால். நான் வாய்விட்டது பொறாமையால். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

இனி ஒவ்வொரு நத்தாருக்கும், விரல் மடங்கும் வரைக்கும், அந்தத் தாலாட்டை நீ அமைத்தபடியே வாசிப்பேன். தொடங்கும் முன் "இது ஜெசி அமைத்தது" என்று எழுந்து நின்று சொல்வேன். யாராவது என்னைப் பார்த்து, உங்களுக்குத் தெரிந்தா நடந்தது என்று கேட்டால், தெரியும், நானும் கூட இருந்தேன் என்பேன்.

உன் கணவனின் அக்கா,
உனக்காக ஒரு சொல் சொல்லாமல் போன உன் மச்சாள்,
சுகந்தி