பம்ப் ஷெட் வரை அப்பாவின் நடை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்ததும் ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் இன்னும் சௌக்கியம்.

கடையில் தலைக்கு மேல் வேலை. பள்ளிக்கூடம் திறக்க நாலே நாள், அறுபது சட்டை பட்டனுக்குக் காஜா எடுக்காமல் கிடக்கிறது, இன்று காலை பதினொரு மணி வரை நான் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை, அப்பாவும் வெட்டுகிற மேசையை விட்டு நகரவில்லை. அவருக்கு நெஞ்சுவலி வந்து மூன்று மாதம் ஆகிறது, தினமும் கால் மணி நேரம் நடக்க வையம்மா என்று நீ போனில் சொல்லச் சொல்ல, நானும் அவரிடம் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். நர்ஸ் வேலைக்கென்று நீ அவ்வளவு தூரம் போனது பிடிக்காமல் இரண்டு வருஷமாக உன்னோடு பேசாத மனுஷன், நீ சொல்லியா நடக்கப்போகிறார் என்று விட்டுவிட்டேன். பதினொரு மணிக்கு என்ன தோன்றியதோ, கத்திரியை வைத்துவிட்டு, வா, வயல் பக்கம் போயிட்டு வரலாம் என்றார். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றவில்லை.

கடைக்குப் பின்னால் வாய்க்காலை ஒட்டிப் போகிற மண்பாதைதான், இரண்டு பக்கமும் சோளம் இடுப்பு உயரம் நிற்கிறது. பம்ப் ஷெட் வரை போகணும் என்று அவரே சொன்னார். பாதியில் அவருக்கு மூச்சு வாங்கியது, திரும்பிடலாம் என்றேன். பதறாதே, மூச்சு வாங்கினா நிக்கணும், பேச முடியுதான்னு பார்க்கணும், அப்புறம் மெதுவா நடக்கணும் என்றார். நீ எனக்குச் சொன்னது, ஓர் எழுத்து பிசகவில்லை! நான் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது அடுத்த அறையில் உட்கார்ந்து அத்தனையும் கேட்டிருக்கிறார் ஆசாமி. பம்ப் ஷெட்டில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், என்ன டெய்லரே, வீட்டம்மாவோட உலாத்தலா என்று கேலி பண்ணினார். அப்பா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, என் பொண்ணு நர்ஸு, வார்டுல முப்பது பேரு அவ பேச்சைக் கேட்டுத்தான் எழுந்து நடக்கிறாங்க, பெத்தவன் நான் கேக்க மாட்டேனா என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சோளத்தைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். கடைக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல அடுத்த துணியை விரித்தார். நானும் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன், கிளறினால் பழைய வீம்பு திரும்பிவிடும்.

அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு போ. உன் கைராசியில் இன்னும் நூறு பேர் எழுந்து நடக்கட்டும், நீ நல்லா இருப்பாய் கண்ணு. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மறக்காமல் போன் பண்ணு. அந்த நேரத்தில் நான் போனைக் கீழே வைத்துவிட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன், எத்தனை தடவை மணி அடித்தாலும் இறங்கி வரமாட்டேன், அப்பாதான் எடுத்தாக வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா