மத்தியான மாத்திரை

திருப்புலிவனம்
20-5-79

அன்பு மகள் கனகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் சாமி புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். உன் கடுதாசி வந்து நாளாகிறது, பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, பேனாவை எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தேன். பிலாயில் அனல் அடிக்கிறது என்று எழுதியிருந்தாய், குழந்தையை வெயிலில் விடாதே, தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, மாப்பிள்ளை ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் பகலில் தூங்கவிடு, உன் வாயைக் கொஞ்சம் கட்டிப்போடு. இங்கே வேர்க்கடலை பிடுங்கியாகிவிட்டது, காய் சுமார்தான். சிவப்பு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, ஒரு இடத்தில் நிற்காமல் துள்ளுகிறது என்று உன் நைனா அதற்கு உன் பெயரை வைத்திருக்கிறார். ஆதிலட்சுமிக்கு என்ன வியாதி என்று கண்டுபிடித்தார்களா என்று கேட்டிருந்தாய். கண்டுபிடித்துவிட்டார்கள் கனகா. அதை எழுத வராமல்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

உன் தங்கச்சியை நீ போன தடவை வந்தபோது பார்த்தது பாதிதான். அவள் பிள்ளை முத்து பிறந்த பிறகு வந்ததுதானே இந்த வினை. காலையில் வாசல் தெளித்து, மாடு கறந்து, இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்வாள், பொழுது சாயச் சாய இமை இரண்டும் தானாக இறங்கிவிடும், சோறு மெல்ல முடியாமல் தாடையைக் கையால் தாங்கிக்கொள்வாள், தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும், பேச்சு குடிகாரன் பேச்சு மாதிரி குழறும். தூங்கி எழுந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருப்பாள். அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் பெருநகரில் மாமியார் கோவிந்தம்மாள், காலைல துள்ளிக்கினு கீறா, நெல்லு அவிக்கணும்னா மட்டும் சாஞ்சிக்கிறா, இன்னா நடிப்பு இது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினாள். கட்டின புருஷன் ஏகாம்பரம் அதைக் கேட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மாப்பிள்ளை என்று எழுத இப்போது கை வரவில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன். நாங்களும் எத்தனை டாக்டரிடம் போனோம். டாக்டர் முன்னால் தெம்பாக உட்கார வேண்டுமே என்று முதல் நாள் முழுக்க அவளைப் படுக்கவைத்து, விடிந்ததும் முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவோம். அங்கே கணீரென்று பேசுவாள். ஒருத்தர் ரத்தம் கம்மி என்று டானிக் எழுதினார், ஒருத்தர் கண்ணாடி போடச் சொன்னார், ஒருத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உடம்புல ஒண்ணும் இல்ல, புருஷன் வூட்ல எதனா சண்டையா என்று கேட்டார். முனி அடித்திருக்கிறது என்று வேப்பிலையாலும் அடித்துப் பார்த்தாகிவிட்டது. எங்கள் புத்தியைப் பார், நோயை வீட்டிலேயே தூங்கவைத்துவிட்டு ஆளை மட்டும் டாக்டரிடம் காட்டியிருக்கிறோம். கடைசியில் ஐப்பசி மாதம் அவளை நம் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பிள்ளையை அனுப்பவில்லை, இவளையே இன்னொருத்தர் பார்க்கணும், இவ எங்க புள்ளைய பார்க்கிறது என்றாள் கோவிந்தம்மாள். 

தை பிறந்ததும் ஏசுதாஸ் வாத்தியார் சொன்னார் என்று மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேயும் காலை நேரம்தான், ஆதி நன்றாகத்தான் இருந்தாள். சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி, கண்ணைப் பார்த்துவிட்டு, இது எந்த நேரத்துல அதிகம் என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே வார்டில் சேர்த்துவிட்டாள். நாளைக்குப் பெரிய டாக்டர் காலைல வருவார்மா, அவர் வரும்போது உங்க பொண்ணு உங்க வீட்டு சாயங்காலம் மாதிரி இருக்கணும், உட்காரவிடாதீங்க, நடக்க வையுங்க, வாய் ஓயாம பேச வையுங்க, நர்ஸ் பக்கத்துல இருப்பாங்க என்று சொன்னாள். கனகா, நான் பெற்ற பிள்ளையை நானே விரட்டினேன். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவிட்டேன், படி ஏறி இறங்கச் சொன்னேன், நம் சொந்தக்காரர் பெயரையெல்லாம் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். பாதியிலேயே அவள் குரல் மூக்குக்குப் போய்விட்டது. அம்மா உக்காந்துக்கிறேம்மா என்று கெஞ்சினாள். வேணாம், நட என்றேன். பக்கத்துப் படுக்கைக்காரி, நீயெல்லாம் பெத்தவளா என்று என்னைக் காறித் துப்பாத குறைதான். அந்த மகராசியைச் சொல்லி என்ன, எனக்கே என்னைப் பார்க்க அப்படித்தான் இருந்தது. பெரிய டாக்டர் உள்ளே வரும்போது ஆதி தூணில் சாய்ந்து சரிந்துவிட்டாள், இமை மூடி, வாய் தொங்கி, தலை நிற்காமல். அவர் நரம்பில் ஒரு ஊசி போட்டார். போட்டுவிட்டு அவர் கையை எடுக்கவும் கண் மலரத் திறந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் நம் வீட்டில் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே, அம்மா, முத்துவைக் கூட்டினு வாம்மா, சீக்கிரம் என்றாள். மெட்ராஸ் எங்கே, பெருநகர் எங்கே. ஒரு டீ குடிக்கிற நேரம்தான், மறுபடியும் இமை இறங்கிவிட்டது. இந்த நோய்தானா என்று பார்ப்பதற்காகப் போட்ட ஊசிதானாம் அது.

மயஸ்தீனியா என்று பெயராம், டாக்டரம்மாவையே எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேர்வதில்லை என்றாள். எனக்குப் புரிந்தவரைக்கும் டார்ச் லைட் பேட்டரிக் கட்டை மாதிரி, எரிய எரிய மங்கிப்போகிறது, ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் எரிகிறது. நடிப்பும் இல்லை, முனியும் இல்லை, வேலைக்குப் பயப்படுவதும் இல்லை. வேளைக்கு வேளை மாத்திரை போட்டால் நம்மைப் போல இருக்கலாம், ஆனால் ஒரு வேளை தப்பினாலும் மூச்சுக்கே ஆபத்து, ஜாக்கிரதை என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். மாசி பிறந்து ஊர் வந்து இறங்கினால், உன் நைனா எங்களை வா என்றுகூடச் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த அந்தத் தை மாதத்திலேயே ஏகாம்பரம் மாமன் மகளுக்குத் தாலி கட்டியாகிவிட்டது. இதைத்தான் உனக்கு எழுதாமல் விட்டிருந்தேன். மறுநாளே ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு பெருநகர் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன், மனதில் வார்த்தையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். சீட்டை வாங்கி ஏகாம்பரம் படித்து முடித்து, இது ஒரு நோவுன்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன் அத்தை இப்படிப் பண்ணப்போறேன் என்றார். கோவிந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, இத்த பொங்கலுக்கு முன்னாடி வந்து சொல்லக்கூடாதா சம்பந்தி என்று அழுதாள். புதுசாக வந்த பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. அது என்ன செய்யும் பாவம். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். பிள்ளையை மாதம் ஒரு தடவை காட்டுவதாக மட்டும் ஒத்துக்கொண்டார்கள்.

சித்திரையில் முதல் தடவை ஏகாம்பரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு ஆதி மாத்திரையைச் சரியாகப் போட்டுக்கொண்டு, தலை பின்னி, மல்லிகை வைத்துக்கொண்டு, காலையிலிருந்தே வாசலில் நின்றாள். உனக்குக் காட்டியிருக்க வேண்டும் அந்த முகத்தை. மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கின முத்துவைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தாள். பிள்ளை அப்பன் காலைக் கட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. உங்க அம்மாடா, போடா என்று தள்ளினால், இது எங்க அம்மா இல்ல, எங்க அம்மா கண்ணு மூடிக்கினுதான் இருக்கும் என்றது. நான் என்ன எழுதட்டும். ஆதி அப்படியே கீழே உட்கார்ந்தாள், இமை இரண்டையும் பாதி இறக்கினாள், தலையைச் சாய்த்து வாயைத் தொங்கவிட்டாள். முத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்து, பிஞ்சு விரலால் அவள் இமையைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு, அம்மா என்று மடியில் ஏறிக்கொண்டது. ஏகாம்பரம் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இந்த மாதமும் முத்து வந்தான். அன்றைக்கு மத்தியான மாத்திரையை எடுத்துக்கொண்டு போனால், ஆதி என் கையைப் பிடித்து, இப்ப வேணாம்மா, அவன் போவட்டும் என்றாள். டாக்டரம்மா சொன்னது காதில் கேட்கிறது, மூச்சு என்றாளே, ஆபத்து என்றாளே. ஆனாலும் நான் கொடுக்கவில்லை கனகா. என் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன். அவள் கண் நிஜமாகவே இறங்க இறங்க, பிள்ளை தூக்கித் தூக்கிப் பார்த்துச் சிரிக்கிறான், அவளும் சிரிக்கப் பார்க்கிறாள், உதடு வரவில்லை. பெற்ற மகளை நடக்கவிட்டு, கெஞ்சவிட்டு, ஊரார் வாயில் விழுந்து வாங்கி வந்த மருந்தை நானே ஒளித்து வைத்துக்கொண்டு, சாயங்கால பஸ் எப்போது வரும் என்று ரோட்டையும் அவள் மூச்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பையன் பஸ் ஏறினதும்தான் நொறுக்கித் தண்ணீரில் கரைத்து ஊட்டினேன். பாதி மூக்கில் வந்தது. உன் நைனாவுக்கு இது தெரியாது, நீயும் அவருக்கு எழுதாதே.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். ஆனி மாதம் முத்து மறுபடியும் வருவான். அதற்குள் ஆதிக்கு ஒரு கடுதாசி எழுது, மாத்திரையை எந்த நாளும் தள்ளிப்போடக் கூடாது என்று அக்காவாகக் கண்டித்து எழுது. அப்படியே எனக்கும் தனியாக ஒன்று எழுது. அவள் கெஞ்சினாலும் கொடுத்துவிடு என்று நீ எழுதினால் நான் கேட்பேன், என் மனசு சொன்னால் என் கை கேட்பதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
தாயாரம்மாள்