ரெத்தினம் கிடக்கும் ஆறடி

ஜூன் 9, திங்கள்
விடியற்காலை முதல் மழை. பிரஷர் மாத்திரை தீர்ந்தது, வாங்க வேண்டும்.
சபையிலிருந்து கடிதம். ரெத்தினத்தைப் புதைத்து ஏழு வருடம் ஆகிவிட்டதாம். கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. குழியைத் திறந்து, எலும்பைப் பொதுக்குழியில் போட்டுவிட்டு, அந்த இடத்தை அடுத்து இறப்பவருக்குக் கொடுப்பார்கள். இங்கே வழக்கம்தான். கணவன் என்ற முறையில் என் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். போட மாட்டேன்.

ஜூன் 10
சபைச் செயலர் செல்வின் வீடு. காப்பி கொடுத்தான். குடிக்கவில்லை.
"கொத்தனாரே, வேதபாட வகுப்புல மேசையத் தட்டித் தட்டிச் சொன்னது ஆரு? அந்த மலையும் இல்ல, எருசலேமும் இல்ல, ஒரு மண்ணும் பரிசுத்தம் இல்லேன்னு? வேளாங்கண்ணிக்குப் போய்ட்டு வந்த எங்க அம்மைய அழ வச்சீரே! இப்ப உம்ம ஆறடி மட்டும் புண்ணிய பூமியாக்கும்?"
கூட இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 12
மழை. லென்ஸ் வைத்து வேதம் வாசித்தேன், மூன்று மணி நேரம்.
மோசேயிடம்: நிற்கிற இடம் பரிசுத்தம், செருப்பைக் கழற்று.
கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம்: இந்த மலையிலும் அல்ல, எருசலேமிலும் அல்ல.
சாராளைப் புதைக்க நிலம் சும்மா தருகிறோம் என்றார்கள். ஆபிரகாம் விலை கொடுத்தே வாங்கினான்.
யோசேப்பின் எலும்பை எகிப்திலிருந்து எடுத்துப் போனார்கள். செல்வின் இதைத்தான் பிடிப்பான். பிடிக்கட்டும். எடுக்கச் சொன்னது யோசேப்பு. ரெத்தினம் அப்படி எதுவும் சொல்லவில்லை.
மகள் ஜெஸி: "கர்த்தர் எல்லாடத்தும் உண்டுன்னு நீங்கதானப்பா சொல்லித் தந்தது? பின்ன எதுக்கு இந்த வாசி, பிடிவாதம்?"
கர்த்தர் எல்லா இடத்திலும் இருக்கிறார். ரெத்தினம் ஒரு இடத்தில்தான் இருக்கிறாள்.

ஜூன் 13
தையற்கடை ஸ்டீபனின் மகள் நேற்று பிரசவத்தில் இறந்துபோனாள். சாயங்காலம் ஸ்டீபன் வாசலில் வந்து நின்றான். மகளுக்கு இடம் வேண்டும். குடையைக்கூட மடக்கவில்லை.
கடிதத்தை எடுத்தேன். 'சம்மதம்' என்பதை அடித்துவிட்டு 'தடுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 14, சனி
மழை விட்டது. ஏழு மணிக்கே தோண்டினார்கள். குழி வெட்டும் சசி, "அப்பூப்பா, காணண்டா, மாறி நில்லுங்க" என்றான். தாத்தா பார்க்க வேண்டாமாம், தள்ளி நிற்கணுமாம். நின்ற இடத்திலேயே நின்றேன்.
சேலையின் சரிகை அழியவில்லை. மற்றதெல்லாம் ஒரு வெள்ளைத் துணியில் அடங்கியது. நானே தூக்கிப் போனேன். கனமே இல்லை. பொதுக்குழியில் துணியை அவிழ்த்துக் கொட்டினேன், உள்ளே யார் யாருடைய எலும்போ. போதகர் ஐயர் ஜெபித்தபோது கண்ணை மூடவில்லை. எது அவளுடையது என்று சிலாப் மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
மத்தியானம் ஸ்டீபன் மகளைக் காலையில் தோண்டிய குழியில் இறக்கினார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். ஏழு வருடம் ரெத்தினத்தின் மேல் கிடந்த மண். எல்லோரும் குழாயடியில் கை கழுவினார்கள். நான் மண் கையோடு அப்படியே வீட்டுக்கு வந்தேன்.
ஜெஸி சோறு போட்டாள். ஸ்பூன் கேட்டேன்.