ஒரு கம்பி பாக்கி

எந்த உலகத்தில் இருந்தாலும் காற்றடிக்காத வெட்டவெளியாகப் பார்த்து நின்றுகொண்டிருக்கும் என் சம்பந்தி, கோமதிநாயகம் அத்தானுக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பீங்க. அதனால் கேட்கவில்லை. இங்கே உங்க தங்கச்சிக்கு, அதான் என் வீட்டுக்காரிக்கு, முட்டுவலி, எனக்கு வாய்வலி. பல்லில் ஒன்றுமில்லை. பேச வேண்டியதைப் பேசாமல் மென்று முழுங்கி வந்த வலி. அதை இறக்கி வைக்கத்தான் இந்தக் கடிதம். நம்ம ஊர் மாத இதழில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். பத்தாவதை ரெண்டு தடவை எழுதியும் கரை சேராதவன் எழுத்து, பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விசயத்தை மட்டும் திருத்தக்கூடாது என்று சொல்லிவிடுவேன்.

நாலு பேருக்குப் புரிய வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் சொல்கிறேன், பொறுத்துக்கோங்க.

மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊருக்கு வந்தப்போ, எல்லாரும் தங்கமும் தைலமும் கொண்டுவருவாங்க. நீங்க ரிமோட்டில் பறக்கிற ஹெலிகாப்டரைக் கொண்டுவந்தீங்க. என் முழங்கை நீளத்துக்கு ஒரு யந்திரம். என் மகள் செல்வியை உங்க மகனுக்குப் பேசி முடித்த சமயம் அது. "சம்பந்தி வீட்ல என்ன இருக்கு?"ன்னு சொந்தக்காரங்க கேட்டப்போ, "ஹெலிகாப்டர் இருக்கு"ன்னு சொல்லி நான் வாங்கின ஏச்சு கொஞ்சமா?

பிறகு நானும் அதில் விழுந்தேன். பஜாரில் துண்டும் லுங்கியும் விற்கிறவன் நான். மரையை எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்றே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை அடைத்ததும் பின்கட்டில் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு நாம் ரெண்டு பேரும் உட்காருவோம். ஹெலிகாப்டர் தலைமேல் சுற்றுகிற விசிறிக்குக் கீழே இருக்கிற வட்டத் தட்டைக் காட்டி நீங்க சொன்னது இன்னும் மனசில் இருக்கிறது. "மச்சான், இந்தத் தட்டு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம்தான் இது போகும். தட்டைத் தூக்குறதும் சாய்க்கிறதும் கீழ இருக்க இந்த மூணு சர்வோ. சர்வோன்னா ஒண்ணுமில்லவே, சொன்ன அளவுக்கு மட்டும் திரும்புற குட்டி மோட்டார். அதோட கையிலிருந்து தட்டுக்கு ஒரு கம்பி. மூணு சர்வோ, மூணு கையி, மூணு கம்பி. அவ்வளவுதான் சூட்சுமம்."

அந்த மூணு கம்பியைத்தான் மாற்ற ஆசைப்பட்டீங்க. கம்பெனிக்காரன் கொடுத்தது பிளாஸ்டிக். ஆட்டம் கண்டுவிட்டது. அதோடு, ரிமோட்டைத் தொட்டாலே துள்ளுகிற துள்ளலும் உங்களுக்குப் பிடிக்கவில்லை. கம்பியை சர்வோ கையின் வெளித் துளையிலிருந்து உள் துளைக்கு மாற்றினால் தள்ளுகிற தூரம் குறையும், சாதுவாகப் பறக்கும் என்று கணக்குப் போட்டீங்க. பிளாஸ்டிக்குக்குப் பதில் சைக்கிள் சக்கரத்து போக்ஸ் கம்பி. அதில் ஒரு முனையில் மரை ஏற்கெனவே இருக்கும், மறுமுனைக்கு நீங்களே மரை போட்டீங்க.

முதல் கம்பியை வெட்டுகிற பாக்கியத்தை எனக்குக் கொடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? அளந்து, கடைப் பழக்கத்தில் ஒரு விரக்கடை கூடவே விட்டு வெட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கம்பியைப் பார்த்தீங்க, என்னைப் பார்த்தீங்க.

"என்னவே, இம்புட்டு நீளமா இருக்கு?"

"சுருங்குறதுக்கு விட்டேன் அத்தான்."

"ஏ மச்சான், ரெண்டு துவைப்புக்கு அப்புறம் சரியாயிருமோ?" என்று சொல்லிவிட்டு, லுங்கி மூட்டை மேல் சாய்ந்து இருமல் வருகிறவரை சிரிச்சீங்க. நானும் சிரித்தேன். என்னைப் பார்த்து ஊரே சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன். அது என் பிழைப்பு. ஆனால் நீங்க சிரித்ததில் மட்டும் முள் இருந்ததில்லை.

ரெண்டு கம்பி முடிந்தது. உள் துளையில் உட்கார்ந்தது. மூணாவதை மாட்டும்போது, கம்பி முனையைத் தட்டோடு பூட்டுகிற குட்டி பிளாஸ்டிக் கிண்ணம் விரிந்துவிட்டது. பசை போட்டு ஒட்டலாமே என்றேன். "பறக்கிறதுல ஒட்டுப்போடக்கூடாது மச்சான்" என்று ஒரே சொல்லில் முடிச்சீங்க. புதுக் கிண்ணத்துக்கு ஆர்டர் போட்டீங்க, என் கடை விலாசத்துக்கு. உங்க வீட்டுக்கு வந்தால் மகன், "இன்னும் பொம்மைக்கா செலவழிக்கீக?" என்பான் என்று பயம். பெற்ற மகனுக்குப் பயந்து சம்பந்தி கடைக்கு பார்சல் வரவழைத்த மனுசன் நம்ம ஜில்லாவிலேயே நீங்க ஒருத்தர்தான் இருப்பீங்க.

அது வருகிறவரை மூணாவதைப் பழைய கம்பியோடு பழைய துளையிலேயே மாட்டி வச்சீங்க, சாமான் தொலையாமல் இருக்க. பிறகு கடைக்குத் திரும்பி வந்து கிழிந்து கிடந்த சிவப்புத் துண்டின் கரையை எடுத்து விசிறியில் சுற்றிக் கட்டினீங்க. "லாரியில நீளக் கம்பி ஏத்தினா பின்னால செவப்புத் துணி கட்டுதான்லா, அது மாதிரி. வேலை பாக்கி இருக்கு, தொடாதேன்னு அர்த்தம். இந்தத் துணி அவிழ்ந்தாத்தான் பறக்கலாம்." அப்படியே வீட்டுக்குத் தூக்கிப் போனீங்க.

அடுத்த ஞாயிறு நீங்க வரவில்லை. அதற்கு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்க. உங்க பதினாறாம் நாள் விசேசம் முடிந்து கடையைத் திறந்தால் கூரியர்க்காரத் தம்பி நிற்கிறான். "கோமதிநாயகம் யாரு? கையெழுத்துப் போடணும்." போட்டேன். கிண்ணங்கள் கல்லாப்பெட்டிக்குள் போயின.

ஏன் உடனே போய், ஹெலிகாப்டரைக் குடுங்க, முடிச்சுத் தாரேன்னு கேட்கவில்லை என்று நினைப்பீங்க. எப்படிக் கேட்கட்டும்? செல்விக்குப் பிள்ளை பிறக்கிறவரை அந்த வீட்டில் நான் கை நனைக்கக்கூடாது என்பது நம்ம வழக்கம். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறவன் நான். கருமாதி வீட்டின் ஈரம் காய்வதற்குள் பெண்ணைக் கொடுத்தவன் சாமான் கேட்டு வந்து நின்றால் என்ன பேசுவாங்க? என்னிடம் பேச மாட்டாங்க, அதுதான் சங்கடம். என் மகளிடம் பேசுவாங்க, ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும்.

ஒரு வருசம் ஓடிற்று. உங்க வருசாந்திரத்துக்கு வந்தேன். உங்க படத்துக்கு மாலை. படத்துக்குக் கீழே ஸ்டூலில் ஹெலிகாப்டர். விசிறியில் என் கடைத் துண்டின் கரை. அதற்கு சந்தனம், குங்குமம், ஒரு முழம் பிச்சிப்பூ!

அக்கா, அதாவது உங்க வீட்டுக்காரம்மா, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாங்க. "தம்பி, ஒங்க அத்தான் எனக்குத் தெரியாம அம்மனுக்கு நேந்து செவப்புத் துணி கட்டியிருக்காக. நெஞ்சுக்குள்ள என்ன பயம் இருந்துச்சோ. என்ன நேந்தாகன்னு தெரியல. அதான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நடந்தே போயி மாவிளக்குப் போட்டுக்கிட்டு வாரேன்."

என்ன சொல்வேன் அத்தான்? அது நேர்ச்சை இல்லை அக்கா, சாயம் போகுதுன்னு ஒருத்தர் திருப்பிக் கொடுத்த துண்டு என்று சொல்லவா? நீங்க நேராத நேர்ச்சையை அந்த அம்மா வருசம் பூராவும் நடந்து தீர்த்திருக்காங்க. நான் தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி.

சாயங்காலம் எல்லாரையும் பனவடலிசத்திரம் ரோட்டோரம் நீங்க பறக்க விடுகிற தரிசுக்குக் கூட்டிப்போனார் மாப்பிள்ளை. மொபைல் கடை வச்சிருக்கிறவர், புது பேட்டரி போட்டுக் கொண்டுவந்திருந்தார். அப்பா நினைவாகப் பறக்க விட்டு வீடியோ எடுக்கவேண்டுமாம். உசிரோடு இருக்கும்போது ஒரு தடவையாவது அந்தத் தரிசுப் பக்கம் வந்தாரா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டேனா?

சிவப்புத் துணியை அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். கிட்டே போனேன்.

"மாப்பிள்ளை, அதுல ஒரு கம்பி பாக்கி இருக்கு. ரெண்டு உள்ள இருக்கு, ஒண்ணு வெளிய இருக்கு. கெளப்பாதீங்க."

"மாமா, நேராத்தான நிக்கி? தட்டைப் பாருங்க, கோணலே இல்ல."

"நிக்கும்போது நேராத்தான் இருக்கும். தூக்கும்போது ஒண்ணு மட்டும் அதிகமாத் தள்ளும்."

உங்க தம்பி, புளியங்குடி எலுமிச்சம்பழ யாவாரி, பின்னாலிருந்து ஒரு போடு போட்டார். "என்ன சம்பந்தி, துண்டு கிழிக்கிறதை விட்டுட்டு ஏரோப்ளேன் கம்பெனி வச்சிட்டீரோ? தள்ளி நில்லும், காத்துல ஒம்ம வேட்டி பறந்துரும்."

எல்லாரும் சிரித்தாங்க. நானும் சிரித்தேன், அத்தான். வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஆமா, பறந்தா மானம் போயிரும்லா" என்று நானே ஒன்று எடுத்தும் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே அக்காவையும் செல்வியையும் மட்டும் வேப்பமரத்துக்குப் பின்னால் நகர்த்தி நிறுத்தினேன். அவ்வளவுதான் என்னால் ஆனது.

தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியது. குடிச்சவன் மாதிரி இடப்பக்கம் சாய்ந்தது. விசிறி மண்ணில் அடித்து, ரெக்கை முறிந்து, ஒடிந்த சில்லு ஒன்று ஓரத்தில் கிடந்த தண்ணீர் டிரம்மில் 'ணங்'கென்று மோதி விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. அடி உங்களுக்குத்தான் விழுந்தது.

"அண்ணன் முறுக்கின எந்த ஆணிவே ஒழுங்கா நின்னுருக்கு?" என்றார் உங்க தம்பி. மாப்பிள்ளை போனைப் பார்த்தே, "அப்பா கடைசியா சரியா மாட்டல போல" என்றார். அது அப்படியே பதிவாகி குடும்ப குரூப்பில் போய்விட்டது. கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். வேப்பமரத்துக்குப் பின்னால் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாங்க. பறக்கிறதுல ஒட்டுப்போடக்கூடாது என்று சொன்ன மனுசனுக்கு, அரைகுறை வேலைக்காரன் என்று பேர்.

கோபம் அவர்கள் மேல் மட்டும் இல்லை, உங்க மேலேயும்தான். எனக்குச் சொன்னதை உங்க மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? அவன் சிரிப்பானே என்று பயந்தீங்க. இப்போ பாருங்க, சிரித்தானா இல்லையா?

மறுநாள் செல்வி கடைக்கு வந்தாள். கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அதற்குள் ஹெலிகாப்டர்.

"பழைய இரும்புக்குப் போடச் சொன்னாகப்பா. நான் இங்கன கொண்டாந்துட்டேன்." அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் துண்டு அடுக்கைச் சரிசெய்தபடியே கேட்டாள். "நேத்து எதுக்குப்பா சிரிச்சீங்க?"

"ஒனக்காகத்தாம்மா. ஏதாவது பேசி, அங்கன ஒன்னைய..."

"எனக்காக நீங்க கேலிப்பொருளா நின்னா அது எனக்கு மரியாதையாக்கும்? மாமா ஒழுங்காத்தான் செஞ்சாகன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. சொல்லுங்க. வாரதை நான் பாத்துக்கிடுதேன்."

அன்றைக்கே போனேன். கட்டைப்பையையும் கிண்ணங்களையும் அக்கா முன்னால் வைத்து, ஒவ்வொரு கம்பியாகக் காட்டினேன். துணி என்ன துணி என்றும் சொன்னேன். அக்கா ஒரு கிண்ணத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாங்க. "அப்ப அம்மன்கிட்ட ஒண்ணும் கேக்கலையா அவுக?" என்றாங்க. "கேக்கல அக்கா." "தொடாதேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காக. நாங்க அதுக்குப் பூ வச்சுக் கும்பிட்டிருக்கோம்." அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டாங்க.

மாப்பிள்ளை, "சரி மாமா, முடிஞ்சதைப் பேசி என்ன" என்றார். குரூப்பில் அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதினேன். மாப்பிள்ளை படித்தால் படிக்கட்டும். புளியங்குடிக்கும் ஒரு பிரதி அனுப்புவேன்.

ரெக்கைக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன், என் கடை விலாசத்துக்கே. ஹெலிகாப்டர் இப்போ பின்கட்டில் லுங்கி மூட்டை மேல் இருக்கிறது. புதுசாக ஒரு சிவப்புக் கரை கிழித்துக் கட்டியிருக்கிறேன், இந்தத் தடவை சாயம் போகாத துண்டு. மூணாவது கம்பியை ஒரு விரக்கடை கூட விடாமல் வெட்டி உள் துளையில் மாட்டுவேன். எத்தனை ஞாயிறு ஆனாலும் சரி. முடிந்த அன்றைக்கு அக்கா கையால் துணியை அவிழ்க்கச் சொல்லி, அதே தரிசில், அதே ஆட்களை நிறுத்திப் பறக்க விடுவேன். எனக்கு ஓட்டத் தெரியாது, கீழே விழும். விழுந்தால் அது நான் ஓட்டின லட்சணம், நீங்க மாட்டின லட்சணம் இல்லை என்று சத்தமாகச் சொல்வேன்.

அப்போதும் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். இந்தத் தடவை நான் கூடச் சேர்ந்து சிரிக்க மாட்டேன், அத்தான். இது சத்தியம்.

உங்க வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்தவனும்,
கம்பியைத் துணி மாதிரி வெட்டியவனுமாகிய
உங்க மச்சான்,
சண்முகவேல்,
சங்கரன்கோவில்.