வாசல்வரை வந்த பிணைக்காரனுக்கு

இல்லை மச்சான், அது பொய். நீ பல்லைக் காட்டிச் சிரிக்கிற படத்துக்குக் கீழே, உன் நினைவு மலரிலேயே எழுதியிருந்தாலும் பொய் பொய்தான். "பிணை நிற்க ஓர் ஆளும் இல்லாமல் பதினொரு மாதம் விளக்கமறியல் சிறையில் வாடிய ஏழை மீனவ நண்பருக்காகவே போராட்டத்தில் இறங்கினார்." இதில் மூன்று பிழை. நான் ஏழை இல்லை. அன்றைக்கு என்னிடம் இரண்டு தோணி இருந்தது, உன்னிடம் ஓர் ஓட்டைச் சைக்கிள். நான் வாடவும் இல்லை. மறியல் சோற்றில் கொஞ்சம் கொழுத்துத்தான் வந்தேன். மூன்றாவது பிழையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறான் என்று அங்கேயிருந்து சிரியாதே. சங்கக்கடை மனேஜராக நீ எழுதிய விலைப்பலகையை வாசித்துச் சிரித்தவன் நான்.

இன்று காலை உன் மகள் சுகந்தி இந்தத் தாள்களைக் கொண்டுவந்தாள். நாளைக்கு அச்சுக்குப் போகிறதாம், முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டுமாம். "அப்பாவைப் பத்தி நாலு வரி எழுதித் தாங்க மாமா" என்றாள். கூடவே உன் பெட்டிக்குள் கிடந்தது என்று ஒரு கடதாசியை நீட்டினாள். நாலாய் மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து, பூச்சி உருண்டை மணத்தோடு இருந்தது. கிராம சேவகர் உனக்குக் கொடுத்த வதிவிடச் சான்றிதழ். 'நோக்கம்' என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு, பிணை நிற்பதற்கு என்று எழுதியிருந்தது.

இத்தனை வருசம் இதையா பொத்தி வைத்திருந்தாய், கள்ளா?

யாரோ களவெடுத்த தோணி எஞ்சின், நான் தோணியைக் கட்டிவைக்கிற கரையில் கண்ணாப் புதருக்குள் கிடந்தது. பொலிஸ் என்னையும் எஞ்சினையும் ஒரே ஜீப்பில் ஏற்றியது. எஞ்சினை இருக்கையில் வைத்தார்கள், என்னைக் கீழே இருத்தினார்கள். ஊர் ஆட்கள் இரண்டு பேர் சான்றிதழோடு வந்து கையெழுத்து வைத்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார் நீதவான். ஓர் ஆள் என் மனைவியின் தம்பி. மற்ற ஆள் நீ. "களுதாவளைப் பிள்ளையார் அறிய நான் வாறன் மச்சான், நீ யோசியாத" என்று கோட்டுக் கூட்டுக்கு வெளியே நின்று சொன்னவன் நீதான்.

நீ வராமல் விட்டிருந்தால் மன்னித்திருப்பேன். வந்தாயே, அதுதான் கொடுமை. அடுத்த தவணைக்குக் கோட்டுக்குக் கொண்டுவந்த மறியல் பஸ்ஸின் கம்பி வலைக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் இந்தக் கடதாசி. வாசலில் நின்ற பொலிஸ்காரன் உன் அடையாள அட்டையை வாங்கி, கொப்பியில் பெயரைப் பதியப் பேனாவைத் திறந்தான். நீ என்னவோ சொல்லி அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்த வழியே கிறுகினாய். அந்தச் சண்டைக் காலத்தில் பொலிஸ் கொப்பியில் பெயர் ஏறிய சிலர் வீடு திரும்பாதது எனக்கும் தெரியும். போன வேகத்தில் உன் செருப்பொன்று கழன்றது. பத்தடி போய்த் திரும்பி வந்தாய். சரி, மனம் மாறி வருகிறான் என்று நினைத்தேன். செருப்புக்குத்தான் வந்தாய்.

நீயே கிறுகிப் போன வாசலுக்கு இரண்டாவது ஆளாக வேறு யார் வருவார்கள்? உண்மைக் கள்ளன் பிடிபடும்வரை உள்ளே கிடந்தேன். வெயிலில் இரண்டு தோணியும் வெடித்தன. என் மூத்தவள் பெரியபிள்ளையான செய்தியை ஒரு ஜெயிலர் சொல்லித்தான் அறிந்தேன்.

வெளியே வந்த அன்று ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு வந்தாய்.

"அண்டைக்கு எனக்குச் சரியான காய்ச்சல் மச்சான். எழும்ப ஏலாமப் போயித்து."

"ஓம், உன்ட மூஞ்சில இன்னும் காயுது" என்றேன். பார்த்ததைச் சொல்லவில்லை. சொன்னால் ஒருநாள் சண்டையோடு முடிந்துவிடும். சொல்லாமல் வைத்திருந்தால் ஆயுளுக்கும் உன்னைச் சீண்டலாம்.

அதற்குப் பிறகுதான் நீ மனுக்காரன் ஆனாய். பிணைக்கு ஆளில்லை என்று ஏழையை அடைத்து வைக்காதே, அவனையே அவன் கையெழுத்தில் விடு, வழக்கை இழுத்துச் சுணக்காதே என்பதுதான் உன் மனு. திருகோணமலையில் மாகாணக் கந்தோருக்குப் போனாய். சட்டம் கொழும்பின் கையில் என்றார்கள். கொழும்புக்குப் போனாய். பரிசீலிக்கிறோம் என்றார்கள். மறுபடியும் போனாய். உன்னிச்சைப் பக்கத்து விவசாயி ஒருவன் உன்னால் வெளியே வந்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் போன இடமெல்லாம் என் கதையைத்தான் விற்றாய். அதில் எனக்கு ஆளே இல்லை.

கொக்கட்டிச்சோலைச் சந்தியில் நீ பைலோடு பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் நான் வந்து கேட்பேன், "மச்சான், காய்ச்சல் ஒண்டும் இல்லையே?" உன் கை தானாக நெற்றிக்குப் போகும்.

"உனக்கு வேற கதை இல்லையாடா?"

"இரிக்கு. நீதான் கேக்கிறாயில்ல."

கடைசித் தடவை கேட்க வைத்தேன். "நீ சொல்லுற கதையில ஒரு ஆள் குறையுது மச்சான்."

"ஆரு?"

"கோட்டு வாசல்வரைக்கும் வந்தித்துப் போன ஆள்."

உன் முகம் சாம்பலாய்ப் போனது. பஸ் வந்தது. பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினாய். அடுத்த கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்தும் போனாய். தப்பி ஓடுவதில் உன்னை வெல்ல ஆளில்லை.

இன்று எல்லாவற்றையும் சுகந்தியிடம் சொன்னேன். அவள் கண் சிவந்துவிட்டது.

"அப்பா செத்து முப்பது நாள் ஆகல்ல மாமா. அவர்ட பேரக் கெடுக்கத்தான் பாத்துக்கொண்டு இரிந்தீங்களா? வாற கிழமை அந்த மனுவ நான் கொழும்புக்குக் கொண்டு போறன். அதில முதல் கதையே உங்கடதான்."

"அதுக்குத்தான் சொல்லுறன். ஆளே இல்லாதவன்ட கதையச் சொன்னா 'ஐயோ பாவம்' எண்டித்துத் தேத்தண்ணி குடிப்பாங்க. ஆள் இருந்திச்சு, நல்ல ஆள், கடதாசியும் எடுத்தித்து வந்தவர், வாசலில பயந்து கிறுகினார் எண்டு சொல்லிப் பாரு. ஒருத்தன் வீட்ட போறத்துக்கு இன்னொருத்தன் பயப்படாம இரிக்கோணும் எண்டா, அது என்ன சட்டம் எண்டு அவங்களுக்கு அப்பதான் உறைக்கும். அந்த வரிய வெட்டு மகள்."

"வெட்ட மாட்டன்." தாள்களை என் மடியிலிருந்து பிடுங்கினாள்.

சான்றிதழை மறந்துவிட்டாள். அது என் சட்டைப் பைக்குள் இருக்கிறது மச்சான், அங்கேயே இருக்கும். வருகிற கிழமை சந்தியில் அதே பஸ்ஸுக்கு நானும் நிற்பேன்.

"இரிகா மகள், கதை இன்னும் முடியல்ல" என்றேன். அவள் முற்றத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள். "நானும் கொழும்புக்கு வாறன். எனக்குக் காய்ச்சல் இல்ல." படலையைத் திறந்தாள். "உன்ட அப்பன்ட இடத்தில நான் நிண்டிருந்தா, பயத்தில செருப்ப எடுக்கவும் திரும்பி வந்திருக்க மாட்டன். அதையும் அங்க சொல்ல..."

தெருவில் ஏறிப் போய்விட்டாள்.