ஜோதிராஜின் கேட் வரை ஒரு கிளட்ச் கேபிள்

மார்ச் 6, வியாழன்

காலையிலேயே வெயில். மரக்கறிக் கடையில் லீக்ஸ் லோட் இறக்கி முடித்து, பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க எடுத்தேன். ஆஸ்பத்திரிப் பக்கம் கிளட்ச் மிதித்தேன். டப். பெடல் தரையோடு படுத்துவிட்டது. கேபிள் அறுந்தது. பின்னால் பஸ்காரன் தலையை நீட்டி, "மொதலாளி, அத மியூசியத்துல வைங்க." நாய்.

தள்ள நாலு பேர் ஓடி வந்தார்கள். தொடாதே என்றேன். முதல் கியரில் போட்டு அப்படியே செல்ஃப் அடித்தேன். குதித்துக் குதித்துக் கிளம்பியது. அதே கியரில் வீடு வரை. லொறி ஓட்டிய காலத்து வித்தை.

ஞாயிறுக்கு மூன்று நாள்.

போன மாதம் பண்டாரவளை கல்யாண வீட்டில் ஜோதிராஜ் எல்லார் முன்னாலும் சொன்னது, எழுதி வைக்கிறேன்: "அண்ணே, ஒங்கப்பா தெனம் தள்ளின கார் தானே. நீங்களும் தள்ளிக்கிட்டே வாங்க." எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகன் இவன். தோட்டத்தை ஆண்ட துரையின் பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஹோட்டல் நடத்துகிறான். பழைய கார்க்காரர்களை எல்லாம் ஞாயிறு அங்கே கூப்பிட்டிருக்கிறான். பங்களா அவனிடம், துரையின் ஸ்போர்ட்ஸ் கார் என்னிடம். அதுதான் அவனுக்கு எரிச்சல். நானும் சும்மா இராமல், "தானா ஏறி ஒன் வாசலுக்கு வரும். தள்ளியோ லொறியில ஏத்தியோ வந்தா கார் ஒனக்கு" என்று கை அடித்துக் கொடுத்தேன். என் வாய்.

அப்பா தள்ளியது உண்மை. குளிர்காலத்தில் காலைப் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்த கையோடு நாலு ஆட்கள் தள்ளுவார்கள், அதில் அப்பா ஒருவர். துரை உள்ளே. அப்பா ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை.

மார்ச் 7, வெள்ளி

மூட்டம். ரசீன் நானாவை எட்டு மணிக்கு வரச் சொன்னேன். ஜும்மா முடிந்து வந்தார். பதுளையில் இந்தக் காரைத் தொடத் தெரிந்த ஒரே மெக்கானிக். அது அவருக்கும் தெரியும், அங்கேதான் கோளாறு.

கேபிளை உருவினோம். ஜோதியின் ஆள் எவனாவது அறுத்திருப்பான் என்று டோர்ச் அடித்துப் பார்த்தேன். வெட்டுத் தடம் இல்லை. ஏமாற்றம்.

"இது ஒரு நாள்ல அறுந்ததில்ல மொதலாளி. இழை இழையா போயிருக்கு. கிளட்ச்சுல கால வச்சிக்கிட்டே ஓட்றீங்க."

"நான் பதினோரு வருஷம் வெலிமடை கெழங்கு லொறி ஓட்டினவன்."

"அதத்தான் சொல்றேன். லொறி தாங்கும்."

ஏற்றத்தில் மூட்டைகளோடு பின்னால் சரியாமல் பிடித்த கால் இது. அதற்குப் பாடம்.

புதுக் கேபிள் வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரமாம். மேரி சோறு போட்டுக்கொண்டே, "அவனுக்கே குடுத்துத் தொலைங்க. வீட்ல எடமாவது மிஞ்சும்." கட்டின மனைவி.

மார்ச் 8, சனி

வாங்கியது: மோட்டார் சைக்கிள் கேபிள், இருப்பதில் தடித்தது. முனைக்குப் பித்தளை நிப்பிள் 2. ஈயம். கிரீஸ். மேரிக்கு இருமல் மருந்து (மறந்துவிட்டேன்).

பழைய உறைக்குள் புதுக் கம்பியை நுழைத்து, முனையைத் துடைப்பம் மாதிரி விரித்து, நிப்பிளில் ஈயம் ஊற்றினார் நானா. இழுத்துப் பார்த்தேன், நிப்பிள் கையோடு வந்தது. கிரீஸைத் துடைக்காமல் ஊற்றினால் எப்படிப் பிடிக்கும்? சொன்னேன்.

"அப்ப நீங்களே ஊத்துங்க."

ஊற்றினேன். கட்டைவிரல் வெந்தது. நிப்பிள் பிடித்தது. அவர் முகம் செத்துவிட்டது, அந்த மட்டும் சந்தோஷம்.

பிறகு நான் பெடலுக்கடியில் தலைகீழாக, அவர் காருக்கடியில் மல்லாந்து. மாட்டி, நட்டை முறுக்கி, பெடல் ஒரு அங்குலம் சும்மா போகும்படி வைத்தாயிற்று. போகும்போது சொன்னார்: "கியர் மாத்த மட்டும் மிதிங்க. மத்த நேரம் கால் கீழ. இல்லாட்டி எனக்கு போன்ல கோல் எடுக்காதீங்க."

மூன்று மணிக்கு மழை. ஒழியட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மேரி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

ஹாலிஎல, தெமோதர தாண்டும் வரை கார் சுகம். அதற்கப்புறம் ஏற்றம். முன்னால் டூரிஸ்ட் வேன்கள் ஊர்ந்தன. பார்த்தால் கால் பெடல் மேல். எடுத்தேன். மறுபடி பார்த்தால் அங்கேயே இருக்கிறது. என் பேச்சையே கேட்காத கால்.

தோட்டத்து ரோட்டில் மூன்றாவது முடக்கு வளைவு. இரண்டாம் கியர். டப்.

நின்றால் அந்த ஏற்றத்தில் செல்ஃப் இழுக்காது, தள்ளித்தான் எடுக்க வேண்டும். நிற்கவில்லை. ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் போன்.

"ஜோதி, கேட்டத் தொறந்து வை."

"என்னண்ணே அவசரம்? வாச்சர் டீ குடிக்கிறான்."

"நீ தொற."

வழியில் ஓர் ஆட்டோ. ஹோர்னை அழுத்தியபடியே போனேன், ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கிக்கொண்டான். கேட் பாதிதான் திறந்திருந்தது, உரசாமல் நுழைந்தேன். மாலையோடு நடு வழியில் நின்ற ஜோதி பூச்செடிக்குள் பாய்ந்தான். வாசலில் பிரேக்கை மிதித்து சுவிட்சை அணைத்தேன். கேபிள் போனது ஒருவருக்கும் தெரியாது. மாலையை எனக்குப் போடாமல் பானெட்டில் போட்டான். சின்ன புத்தி.

புளித்த கேக், ஆறிய டீ. கிளம்பும் நேரம்.

"ஜோதி, இஞ்சின் சூடு. கொஞ்சம் கைய வை."

"தள்ளினா கார் எனக்குன்னு பேச்சு."

"அது ஏறி வர்றதுக்கு. எறங்குறதுக்கு இல்ல."

"வாச்சரக் கூப்பிடுறேன்."

"எதுக்கு? நாம ஒரே தோட்டம் தானே."

அதற்குள் இரண்டு வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டே வந்து கை வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். விருந்தாளி தள்ளும்போது வீட்டுக்காரன் எப்படி நிற்பான்? வெள்ளைச் சட்டை, காலில் பளபள சப்பாத்து. தள்ளினான். பங்களா வாசலிலிருந்து கேட்டுக்கு வெளியே இறக்கம் தொடங்கும் வரை. கண்ணாடியில் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் கியரில் போட்டு செல்ஃப் அடித்திருந்தால் தானாகவே கிளம்பியிருக்கும்.