குட்டிப் புழுவின் வாய்

மரியே வாழ்க

கே.கே. நகர், திருச்சி
14.2.1987

அன்புள்ள ஸ்தனிஸ்லாஸுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கவும். பாப்பாவுக்குச் சளியும் காய்ச்சலும்; இப்போதுதான் கண்ணயர்ந்தாள். என் கையெழுத்து கோணலாக இருந்தால் அது தூக்கத்தினால் அல்ல, கோபத்தினால்.

உங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையின் நகல் வந்தது. ஏப்ரலில் அச்சுக்குப் போகிறது, அதுவரை திருத்தலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தை அதை ஞாயிறு பூசைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசிப் பக்கத்தில் "என் மனைவியின் பொறுமைக்கு நன்றி" என்று இருப்பதை யாரோ படித்துச் சொல்ல, "பொண்டாட்டி பேரை அமெரிக்கா புத்தகத்துல போட்டிருக்கான். இதுக்கு மேல ஒரு பொண்ணுக்கு என்ன வேணும்?" என்றார்களாம். அதில் என் பேரே இல்லை என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை.

போன வருஷம், பாப்பாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நான் எழுதியது நினைவிருக்கிறதா? கடலடி வெந்நீர் ஊற்றுகளில் ஆள் உயரத்துக்கு வளரும் உங்கள் குழாய்ப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாதான், சிவப்புக் கொண்டை உறிஞ்சித் தரும் கந்தக வாயுவை வைத்து அதற்குச் சோறாக்கிப் போடுகிறது. அந்த பாக்டீரியா தாயிடமிருந்து முட்டை வழியாக வருகிறதா என்று மாதக்கணக்கில் தேடி, ஒன்றுமே இல்லை என்று சலித்துப்போய் எழுதியிருந்தீர்கள். அந்த வாரம் பாப்பாவை வயிற்றுப்போக்குக்குக் காட்டப் போயிருந்தேன். டாக்டர், "பொறக்கும்போது வயித்துல கிருமி இருக்காதும்மா, எல்லாம் அப்புறம் வாய் வழியா போறதுதான்" என்றார். அன்றைக்கே உங்களுக்கு எழுதினேன்: குட்டிப் புழுவுக்கு வாய் இருந்தாக வேண்டும், பாக்டீரியா உள்ளே போனபின் அது மூடிக்கொள்ளும், பெரிய புழுவை வெட்டுவதை விட்டுவிட்டு அதன் குழாய்மேல் ஒட்டியிருக்கும் பொடிக் குட்டிகளை வெட்டிப் பாருங்கள் என்று.

"பால் கொடுக்கிற வேலையைப் பார், இங்கே எல்லோரும் சிரிப்பார்கள்" என்று பதில் போட்டீர்கள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை போலிருக்கிறது. மூன்றாவது படத்தில், குழாய்மேலிருந்து எடுத்த குட்டியில், அந்த வாய் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. பார்த்ததும் சந்தோஷத்தில் பாப்பாவைத் தூக்கிச் சுற்றினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகுதான் முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். உங்கள் பெயர், அடுத்து உங்கள் புரொபசர் பெயர். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போய் அமிர்தம் மேடத்தைப் பார்த்தேன். ஜூனில் என்னை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள நினைக்கிறவர் அவர். "கல்யாணத்துக்கப்புறம் என்ன பண்ணினேன்னு கமிட்டியில கேப்பாங்களே, காட்ட ஏதாவது இருக்கா?" என்றார். கட்டுரையை நீட்டி நடந்ததைச் சொன்னேன். கடைசி வரி வரை நிதானமாகப் படித்துவிட்டு, "உன் பொறுமையை எந்த பாட்டில்ல ஃபார்மலின் ஊத்தி வச்சிருக்கே டோரதி? அதையே கொண்டா, காட்டலாம்" என்றார். திரும்பி வரும்போது, பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை அவமானத்தில் குனிந்த தலையை நான் நிமிர்த்தவில்லை.

எம்.எஸ்ஸி.யில் நம் வகுப்பில் முதல் ரேங்க் யாருக்கு வந்தது என்று உங்களுக்கே தெரியும். வயிற்றுப் பிள்ளையோடு அவ்வளவு தூரம் போகக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்கள், நீங்கள் மட்டும் போனீர்கள். அப்போது நான் அழவில்லை. இப்போது அழுதேன். மறந்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். குழாய்மேல் தேடச் சொன்னதை மறக்காதவர் சொன்னவளை எப்படி மறப்பீர்கள்?

என் பெயரை ஆசிரியர் வரிசையில் சேருங்கள், நன்றியில் வேண்டாம். டோரதி ஸ்தனிஸ்லாஸ் என்றும் வேண்டாம், படித்தபோது இருந்தபடி எஸ். டோரதி என்று போடுங்கள்.

மே மாதம் எங்களை அங்கே வரச் சொல்லியிருக்கிறீர்கள். டிக்கெட் இப்போதைக்கு எடுக்க வேண்டாம்.

அங்கே பனி என்கிறீர்கள், காதை மூடிக்கொண்டு போங்கள். மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

டோரதி